பட்டன் இல்லாத பொட்டி

"அண்ணே, ராஸ்பெர்ரி பையை வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்டா மாத்தறது கஷ்டமா?" போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு தம்பி கேட்டான். புதுசா வேலைக்குச் சேர்ந்தவன். கண்ணுல அந்த வெளிச்சம் அப்படியே இருந்துச்சு. எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சு, ஹி ஹி.

கஷ்டமே இல்லை, ஒரு சாயங்காலம் போதும்னு சொன்னேன். "செஞ்சு ஊர்ல அம்மா வீட்டுல வெச்சுட்டு வரப்போறேன்"னான். அதை மட்டும் செஞ்சுடாதேன்னு சொன்னேன். ஏன்னு கேட்டான். சொல்ல ஆரம்பிச்சு பாதி வர்றதுக்குள்ள டீ ஆறிப்போச்சு, அவனுக்கு மீட்டிங், எனக்கு ஆணி. மீதியை இங்க எழுதிடறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கும், பொறுத்துக்கங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ராஸ்பெர்ரி பைங்கறது ஏடிஎம் கார்டு சைஸுல ஒரு முழு கம்ப்யூட்டர். பள்ளிக்கூடப் பசங்க புரோகிராம் எழுதிப் பழகட்டும்னு இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்காரங்க ஆரம்பிச்ச சமாச்சாரம், 2012-ல விற்பனைக்கு வந்துச்சு. 2016-ல வந்த பை 3-ல இருந்து வைஃபையும் பலகையிலேயே சேர்ந்து வருது. அந்த வைஃபையை வழக்கமா நாம நெட்டை வாங்கறதுக்குத்தான் பயன்படுத்துவோம். அதையே திருப்பிப் போட்டு, கேபிள்ல வர்ற நெட்டை மத்தவங்களுக்குக் கொடுக்கற மாதிரி வெச்சா அதுதான் ஆக்சஸ் பாயிண்ட். குழாயில தண்ணி பிடிச்சவன் தண்ணிப்பந்தல் வெச்ச கதை.

எங்க ஊரு கோவில்பட்டி. வீடு தாத்தா காலத்து வீடு. முன்னாடி திண்ணை, ஹால், அப்புறம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரயில் பெட்டி மாதிரி நீளமாப் போகும். சுவர் ஒவ்வொண்ணும் ஒண்ணரை அடி கனம். நெட் கம்பெனிக்காரங்க ஹால்ல ஒரு ஃபைபர் பொட்டியை ஆணியடிச்சு மாட்டிட்டுப் போனாங்க. பின்கட்டுல என் தங்கச்சி படிக்கிற ரூமுக்குப் போறதுக்குள்ள சிக்னல் செத்துடும். அதோட பாஸ்வேர்டு என்னன்னா, எங்க அப்பாவோட மொபைல் நம்பர். மாட்ட வந்தவர் வெச்சது. அப்பா கடை வெச்சிருக்கறதால அந்த நம்பர் போர்டுலேயே எழுதியிருக்கும். தெருவுல பாதிப் பேர் எங்க நெட்டுலதான் படம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ இதைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதிச்சுடுச்சு. இன்ஜினியரிங் படிச்சுட்டு, நாலு பேருக்கு நெட்வொர்க்கைப் பத்தி ஆபீஸ்ல கிளாஸ் எடுக்கறவன் வீட்டுல இப்படியா? பெட்டியில சும்மா தூங்கிட்டு இருந்த ஒரு பை 4-ஐ எடுத்துட்டுப் போயிருந்தேன். உக்காந்துட்டேன்.

ஒரு சாயங்காலம்னு சொன்னேன் இல்ல? உண்மையில ரெண்டு நாள் ஆச்சு. காரணம், பையோட இயங்குதளம் 2023 அக்டோபர்ல புக்வொர்ம்ங்கற புது பதிப்புக்கு மாறினப்போ நெட்வொர்க்கைக் கவனிக்கற ஆளையே மாத்திட்டாங்க. அதுவரைக்கும் டிஹெச்சிபிசிடி, அதுக்கு அப்புறம் நெட்வொர்க்மேனேஜர். இந்த ஆக்சஸ் பாயிண்ட் வேலைக்கு எழுதப்பட்ட பழைய குறிப்பு எல்லாமே முன்னவரை நம்பி எழுதினது. திறந்து திருத்தச் சொல்ற ஃபைலே அங்க இருக்காது. நாம ஒரு பக்கம் ஹோஸ்ட்ஏபிடியை வெச்சு வைஃபையைப் பிடிச்சு இழுக்க, நெட்வொர்க்மேனேஜர் இன்னொரு பக்கம் பிடிச்சு இழுக்கும். பங்காளிச் சண்டை. இன்னிக்கு செய்யறவங்க நெட்வொர்க்மேனேஜர்கிட்டயே ஹாட்ஸ்பாட் போடச் சொல்லிடுங்க, ஒரு வரியில முடிஞ்சுடும். நான்தான் எல்லாத்தையும் கையால செய்வேன்னு வீம்பு பிடிச்சேன்.

அந்த வீம்புல ஒரு லாபம் இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. வைஃபைன்னா ஏதோ மாயம்னு நினைச்சுட்டு இருந்த விஷயம், கூறு கூறா பிரிஞ்சு கண்ணு முன்னாடி கிடந்துச்சு. ஹோஸ்ட்ஏபிடிதான் வாசல்ல நிக்கற ஆளு. "நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்"னு வினாடிக்குப் பத்து தடவை போல காத்துல கூவிட்டே இருக்கும். யாராவது வந்தா, பாஸ்வேர்டு தெரியுமான்னு நாலு கேள்வி-பதில்ல சோதிக்கும், அதுலயும் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லாமலேயே ரெண்டு பக்கமும் தெரியும்னு நிரூபிச்சுக்கும். உள்ள வந்தவனுக்கு இலை போட்டு இடம் காட்டறது டிஎன்எஸ்மாஸ்க், அதாவது ஐபி முகவரி கொடுக்கறது. யார் வீடு எங்கன்னு பேரை வெச்சு வழி சொல்றதும் அதே ஆளுதான். கடைசியா கெர்னல்ல ஒரு சின்ன சுவிட்ச். பூஜ்யமா இருந்தா இந்தப் பக்கத்துப் பாக்கெட் அந்தப் பக்கம் போகாது. ஒண்ணுன்னு மாத்தினா போகும். கூடவே முகவரியை மாத்தி எழுதற ஃபயர்வால் விதி ஒண்ணு. அவ்வளவுதான் ஒரு வைஃபை ரவுட்டர். காலேஜ்ல நாலு வருஷம் மனப்பாடம் பண்ணினது ரெண்டு நாள்ல புரிஞ்சுது.

இன்னொண்ணு. முதல் தடவை ஆன் பண்ணினதும் வைஃபை பூட்டிக் கிடக்கும். எந்த நாட்டுல இருக்கேன்னு சொன்னாத்தான் திறக்கும். எனக்கு முதல்ல எரிச்சல். அப்புறம்தான் உறைச்சுது, ரேடியோ அலைங்கறது நாட்டுக்கு நாடு வேற சட்டம். நம்ம நாட்டுல 2.4 கிகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாம யாரும் பயன்படுத்தலாம்னு 2005-ல திறந்து விட்டாங்க. 5 கிகாஹெர்ட்ஸை நல்லா அகலமாத் திறந்தது 2018-ல. வீட்டு வாசல்ல நான் நட்டு வெக்கிற இந்தத் துக்கடா பலகைக்கும் டெல்லியில போட்ட ஒரு அறிவிப்புக்கும் தொடர்பு இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியும்.

ரவுட்டர் ரெடிமேடாவே கிடைக்குதே, இந்தத் தலைவலி எதுக்குன்னு கேக்கறவங்க இருக்காங்க. நியாயமான கேள்வி. வைஃபை வேலையை மட்டும் பார்த்தா பையை விட அந்தக் காசுக்கு வாங்கற ரவுட்டர் நல்லாவே செய்யும். பையில இருக்கறது பலகையோட ஒட்டின ஒரே ஒரு ஆன்டெனா. வீட்டு ஆளுங்க நாலஞ்சு பேருக்கு ஓடும், விசேஷ வீட்டுக் கூட்டத்தைத் தாங்காது. அது மட்டுமா, அந்த வைஃபை சிப்புக்குள்ள ஓடற ஃபர்ம்வேர் மூடின பொட்டலம், நமக்கு அதோட மூலநிரல் கிடையாது. அதனால "முழுசா என்னோட பொட்டி"ன்னு மார் தட்டறதும் கொஞ்சம் பீலாதான்.

ஆனா ரெடிமேட் பொட்டிக்குள்ள மட்டும் என்ன தேவலோகத்துச் சரக்கா இருக்கு? பெரும்பாலும் அதே லினக்ஸ்தான். லிங்க்சிஸ் கம்பெனியோட நீலமும் கறுப்புமான டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் ஞாபகம் இருக்கா? அதுக்குள்ள லினக்ஸ் ஓடுதுன்னு 2003-ல சிலர் கண்டுபிடிச்சுக் கேள்வி கேக்க, ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலை வெளியிட வேண்டியதாப் போச்சு. அதை எடுத்துத்தான் 2004-ல ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் ஆரம்பிச்சுது. ஹோஸ்ட்ஏபிடியை எழுதினவர் பின்லாந்துக்காரர் யோனி மாலினன், டிஎன்எஸ்மாஸ்க் இங்கிலாந்துல இருக்கற சைமன் கெல்லியோட வேலை. உலகம் பூரா எத்தனையோ வீட்டு ரவுட்டருக்குள்ள இவங்க எழுதினதுதான் ஓடிட்டு இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே வெச்சிருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு 2016-ஐப் பாருங்க. மிராய்னு ஒரு வைரஸ். பெரிய வித்தை ஒண்ணும் கிடையாது. கம்பெனியில இருந்து வந்தப்போ இருந்த யூசர்நேம் பாஸ்வேர்டு ஜோடி அறுபது சொச்சத்தை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு கேமரா, ரவுட்டர் கதவையும் தட்டிப் பார்த்துச்சு. திறந்த கதவு எல்லாத்தையும் சேர்த்துக்கிட்டு அந்த அக்டோபர்ல டின் கம்பெனியோட டிஎன்எஸ்ஸை அடிச்சதுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் படுத்துச்சு.

அதனால ஒரு தடவையாவது கையால செஞ்சு பாருங்கன்னுதான் இப்பவும் சொல்றேன். எனக்குப் பிரச்சினை வந்தது செஞ்சதுல இல்லை. செஞ்சதை எங்க வெச்சேன், எப்படி வெச்சேன்ங்கறதுல.

பொங்கல் லீவு முடியறதுக்குள்ள முழுசா பிலிம் காட்டிட்டேன். ஹால்ல இருந்து பின்கட்டு நடையில கொஞ்ச தூரம் கேபிள் இழுத்து, நடு ரூம் அலமாரி மேல பையை வெச்சேன். முன்னாடியும் எட்டும், பின்னாடியும் எட்டும். விளம்பரம் வராம டிஎன்எஸ்லேயே வடிகட்டல். சென்னையில இருந்து உள்ள நுழைஞ்சு பார்க்க ஒரு விபிஎன். ஃபைபர் பொட்டியோட வைஃபையை அணைச்சுட்டேன், ரெண்டு நெட்வொர்க் இருந்தா போன் குழம்பும்னு. அதோட அட்மின் பாஸ்வேர்டை 20 எழுத்துக்கு மாத்தி என் லேப்டாப்ல மட்டும் வெச்சுக்கிட்டேன். தெருவே ஒரே நாள்ல மௌனம் ஆயிடுச்சு. எதிர்வீட்டு மாமா "உங்க வீட்டுல நெட்டு கட் பண்ணிட்டீங்களாப்பா?"ன்னு அக்கறையா விசாரிச்சார்.

ராஸ்பெர்ரி பைன்னதும் அம்மா "பையா? எங்கய்யா பை?"ன்னு தேடினாங்க. அப்புறம் குட்டிப் பொட்டின்னு பேரு வெச்சுட்டாங்க. பங்குனியில ஒருநாள் திடீர்னு சிக்னலே இல்லைன்னு தங்கச்சி போன் பண்ணினா. விபிஎன்ல நுழைஞ்சு பார்த்தா எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஒரு போன் கூட இணைஞ்சிருக்கலை. மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கடைசியில பார்த்தா, பல்லி விழுந்துடும்னு அம்மா அது மேல ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியைக் கவுத்தி வெச்சிருக்காங்க. அதை விட நல்ல ரேடியோ கவசம் எந்த லேப்லயும் கிடைக்காது. எடுத்ததும் சரியாயிடுச்சு. ஆபீஸ்ல இந்தக் கதையைச் சொல்லி எல்லாரும் சிரிச்சோம். அம்மாவுக்குத் தெரியலைன்னுதான் சிரிச்சோம். நான் சொல்லித்தரலைங்கறது அப்போ எனக்குத் தோணலை.

2024 ஆகஸ்ட். தங்கச்சி பிளஸ் டூ முடிச்சுட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்ல இருந்தா. 2018-ல இருந்து இது ஆன்லைன்தான். குறிச்ச நாளுக்குள்ள காலேஜ், பாடப்பிரிவுன்னு விருப்பப் பட்டியலை வரிசையாப் போட்டுப் பூட்டணும். வரிசை ஒண்ணு மாறினா வாழ்க்கை மாறும். அவ ஒரு நோட்டுல முப்பது நாப்பது காலேஜை எழுதி, அடிச்சு, திருப்பி எழுதி வெச்சிருந்தா. கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி ஆடிக் காத்து. எங்க ஊர்ப்பக்கம் ஆடிக் காத்துன்னா கரண்டு கண்ணைச் சிமிட்டும், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அன்னிக்கு ஏழெட்டு தடவை போய்ப் போய் வந்திருக்கு. ஃபைபர் பொட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் இருந்துச்சு. பைக்கு 5 வோல்ட் வேணும், அதுக்கு நான் யூபிஎஸ் வெக்கலை. அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டது. பை எஸ்டி கார்டுல எழுதிட்டு இருக்கும்போது கரண்டு போனா கார்டுல இருக்கற ஃபைல் கெட்டுப்போகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். நல்லாவே தெரியும்.

காலையில அம்மா போன். "ஏய்யா, நெட்டு வரலை. பாப்பா அழுவுறா."

விபிஎன்ல நுழையப் பார்த்தேன். விபிஎன் ஓடறதே பையிலதான். சாவியை உள்ள வெச்சு வீட்டைப் பூட்டின கதை. சரி, போன்லயே சொல்லித் திருத்திடலாம்னு பார்த்தா, அடுத்த கூத்து. அந்தக் கனத்த சுவருக்குள்ள மொபைல் சிக்னல் கிடையாது. வைஃபை வந்ததுல இருந்து வீட்டுக்குள்ள போன் பேசறதே வைஃபை காலிங்லதான். வைஃபை போச்சு, போனும் போச்சு. அம்மா மொட்டை மாடியில நின்னுதான் என்கிட்டப் பேசிட்டு இருந்தாங்க.

"அம்மா, குட்டிப் பொட்டியில செவப்பு லைட்டு எரியுதா?"

"இருய்யா, பார்த்துட்டு வரேன்." இறங்கினாங்க. அம்மாவுக்கு மூட்டு வலி, மாடிப்படி பதினெட்டு. ஏறினாங்க. மூச்சு வாங்குது. "எரியுதுய்யா."

"பச்சை லைட்டு?"

மறுபடி இறங்கி, மறுபடி ஏறி. "அது மின்னி மின்னி நிக்குது."

"எத்தனை தடவை மின்னுதும்மா?" பையில பச்சை லைட்டு எத்தனை தடவை மின்னுதுங்கறதுல கோளாறு என்னன்னு தெரியும். நாலுன்னா, பூட் ஆகறதுக்குத் தேவையான ஃபைலைக் காணோம்னு அர்த்தம்.

"எண்ணலையேய்யா. இரு, எண்ணிட்டு வரேன்."

போன்ல அவங்க செருப்புச் சத்தம் படியில இறங்கறது கேட்டுச்சு. நான் சென்னையில ஏசி ரூம்ல சுத்தற நாற்காலியில உக்காந்திருந்தேன். அந்த ரெண்டு நிமிஷத்தை நான் மறக்கறதா இல்லை. திரும்பி வந்து, "நாலோ அஞ்சோ, சரியாப் பிடிபடலைய்யா, மறுபடி பார்க்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்மா போதும்னு சொல்லிட்டேன்.

ஃபைபர் பொட்டியில இருந்து லேப்டாப்புக்கு நேரா கேபிள் போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. தங்கச்சி லேப்டாப்புல லேன் போர்ட்டே கிடையாது. எடை கம்மியா, ஒல்லியா இருக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது யாரு? நான்தான் :-( பொட்டியை ரீசெட் பண்ணலாம்னா, கம்பெனிக்காரங்க உள்ள போட்டு வெச்ச லாகினும் சேர்ந்து அழிஞ்சுடும், அப்புறம் ஆள் வரணும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். நாலு நாள்ல ஆள் வரும்னாங்க. அவங்களைத் திட்ட எனக்கு வாய் வரலை. வேலை செஞ்சுட்டு இருந்த பொட்டியை முடக்கினது அவங்க இல்லையே.

கடைசியில தங்கச்சி மொட்டை மாடியில, தண்ணித் தொட்டி நிழல்ல உக்காந்து, அம்மா போனை ஹாட்ஸ்பாட் போட்டு, காத்துல பறக்கற நோட்டை முழங்காலால அமுக்கிட்டு பட்டியலைப் போட்டு முடிச்சா. நிழல் நகர நகர அவளும் நகர்ந்திருக்கா. வெயில்ல ஸ்கிரீன் தெரியலைன்னு அம்மா முந்தானையை விரிச்சுப் பிடிச்சாங்களாம். இடையில ரெண்டு தடவை கட் ஆகி, மறுபடி லாகின் பண்ணி, வரிசை சரியா இருக்கான்னு முதல்ல இருந்து சரிபார்த்திருக்கா. முடிஞ்சப்போ மத்தியானம் மூணு மணி. இடம் கிடைச்சுது, அவ கேட்ட பாடமே கிடைச்சுது. அதை வெச்சு "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே"ன்னு சொல்லிக்கறவங்க சொல்லிக்கலாம். கட் ஆன ரெண்டு தடவையில ஒண்ணு திரும்ப வராமப் போயிருந்தா?

இதுக்கு மேலதான் உச்சம். மறுநாள் தங்கச்சி போன் பண்ணினா. "அண்ணே, நெட்டு வந்துடுச்சு." எப்படின்னு கேட்டா, ஹால்ல மாட்டியிருக்கற ஃபைபர் பொட்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்திருக்கா. பக்கவாட்டுல சின்னதா ஒரு பட்டன், பக்கத்துல டபிள்யூலேன்னு எழுதியிருக்கு. அமுக்கியிருக்கா. லைட்டு எரிஞ்சு பழைய வைஃபை உயிரோட வந்துடுச்சு. பாஸ்வேர்டு அதே அப்பா நம்பர். தெருவுல இருக்கற போன் எல்லாம் "வந்துட்டியா ராசா"ன்னு ஒட்டிக்கிச்சு.

நான் ஏழு மாசமா கேவலமாப் பேசிட்டு இருந்த அந்தப் பொட்டியில, எங்க அம்மா அமுக்கறதுக்குன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. யாரோ ஒரு இன்ஜினியர், இது கெட்டா வீட்டுல இருக்கறவங்க என்ன செய்வாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கான். நான் செஞ்ச பொட்டியில பட்டன் இல்லை. நிஜமாவே இல்லை. பை பலகைகள்ல பவர் பட்டனே 2023-ல வந்த பை 5-லதான் சேர்த்தாங்க. ஆனா நான் சொல்றது அந்தப் பட்டனை இல்லை. நான் அந்த வீட்டுல இல்லாத நேரத்துல, அந்த வீட்டுல இருக்கறவங்க எதையாவது அமுக்கி, கழட்டி, மாட்டி சரி பண்ண ஒரு வழி. அதை நான் வெக்கவே இல்லை. பாதுகாப்புன்னு பேர் வெச்சு எல்லாச் சாவியையும் 600 கிலோமீட்டர் தள்ளி என் பையில போட்டுக்கிட்டேன். நெட் கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருக்கான்னு கோவப்பட்டு, நான் அவனை விட இறுக்கமாப் பூட்டினேன்.

ஆபீஸ்ல ஒரு சர்வர் படுத்தா என்ன செய்யணும், யாரைக் கூப்பிடணும்னு பக்கம் பக்கமா எழுதி வெக்கறோம். நம்மளை எழுப்பி விட அலாரம் வெக்கறோம். வீட்டுக்குச் செய்யும்போது மட்டும் ஒரு துண்டுச் சீட்டு கூட எழுதத் தோண மாட்டேங்குது. அம்மாவுக்குப் புரியாதுன்னு நாமளே முடிவு பண்ணிடறோம். புரியாததா அது? நாப்பது வருஷமா பம்பு செட்டு, கிரைண்டர், கேஸ் ரெகுலேட்டர், இன்வர்ட்டர்னு எல்லாத்தையும் ஓட்டறவங்க. தீபாவளிக்கு முதல் நாள் கிரைண்டர் நின்னா பெல்ட்டைக் கழட்டி மாட்டினது நானா?

அந்த வாரக் கடைசியில பஸ் பிடிச்சு ஊருக்குப் போனேன். இந்தத் தடவை கீபோர்டைத் தங்கச்சிகிட்டக் கொடுத்துட்டு நான் கையைக் கட்டி உக்காந்தேன். ரொம்ப கஷ்டமான வேலைங்க அது, கை அரிக்கும். ஹால் பொட்டியோட வைஃபை அப்படியே இருக்கட்டும், பாஸ்வேர்டை மட்டும் மாத்துவோம்னு முடிவாச்சு. மாத்தினது, அட்மின் பாஸ்வேர்டு, எல்லாத்தையும் அம்மா பால் கணக்கு நோட்டுல எழுதிக்கிட்டாங்க. வீட்டுக்குள்ள அலமாரியில இருக்கற நோட்டைப் படிக்க ரஷ்யாவுல இருந்து எவனும் வரப் போறதில்லை. பை பின்கட்டுக்கு மட்டும். அதுவும் ரவுட்டரா இல்லை, பாலமா. அதாவது முகவரி கொடுக்கறது, வழி சொல்றது எல்லாம் ஹால் பொட்டி பார்த்துக்கும். பை செத்தாலும் ஹால்ல உக்காந்தா நெட் வரும். விளம்பரம் வடிகட்டறதை நான் இழந்தேன். இழந்தா இழந்துட்டுப் போறேன்.

கார்டு கெடாம இருக்க, பையோட அமைப்புலேயே ஓவர்லே ஃபைல் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு. அதை ஆன் பண்ணினா எழுதறது எல்லாம் மெமரியில மட்டும் எழுதிக்கும், கார்டுல கை வெக்காது. கரண்டு போனா மறந்துடும், வந்தா புதுசா எழுந்திருக்கும். ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு ஞாபகசக்தி எதுக்கு? இதை முதல் நாளே செஞ்சிருந்தா ரெண்டு கிளிக். பழைய மொபைல் சார்ஜரைத் தூக்கிப் போட்டுட்டு 5 வோல்ட் 3 ஆம்பியர் ஒரிஜினல் அடாப்டர் வாங்கினோம், அதுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ். எஸ்டி கார்டு அப்படியே நகல் எடுத்து இன்னொண்ணு, ஒரு மொய்க் கவர்ல போட்டு அலமாரிக் கதவுல ஒட்டியாச்சு. கவர் மேல தங்கச்சி கையெழுத்துல தமிழ்ல நாலு வரி. பச்சை லைட்டு வரலைன்னா வயரைப் பிடுங்கு, கார்டை எடு, இதைப் போடு, வயரைச் சொருகு. அம்மாவை வெச்சு மூணு தடவை ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை கார்டைத் தலைகீழா சொருகினாங்க. மூணாவது தடவை நாங்க பேசிட்டு இருக்கும்போதே முடிச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

கேன்டீன் தம்பிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். செய்டா, கண்டிப்பா செய். உன் ரூம்ல வெச்சு நாலு மாசம் உடைச்சு உடைச்சு விளையாடு. ஊருக்குக் கொண்டு போறதா இருந்தா, நீ இல்லாதப்போ அதைத் தொடப் போறது யாருன்னு கேட்டு, அவங்க கையில கொடுத்து கழட்டி மாட்டச் சொல்லிப் பாரு. அவங்களால முடியலைன்னா அது இன்னும் தயாரா இல்லை. அது வரைக்கும் கடையில ஒரு ரவுட்டரை வாங்கி மாட்டிட்டு வா, ஒண்ணும் கௌரவம் குறைஞ்சுடாது.

தங்கச்சி இப்போ ஹாஸ்டல்ல. போன மாசம் ஒரு ராத்திரி அம்மா போன் பண்ணினாங்க. மாடியில இல்லை, கீழ இருந்துதான்.

"ஏய்யா, அந்தப் பச்சை லைட்டு வரலை. சீட்டுல போட்டிருந்தபடி கார்டை மாத்திட்டேன், வந்துடுச்சு. பழைய கார்டை எங்க வைக்க? எவர்சில்வர் டப்பாவுல போடலாமா?"

"அதை எதுல வேணும்னாலும் போடும்மா"ன்னேன்.